தீபாவளி லீவும் வளர்ப்புப் பிள்ளையும்

திருப்பூரைப் பற்றி எழுதப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே வேலையைப் பற்றியவை. 1925இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ், 1978இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற இறக்குமதியாளர், 1984இன் 127 நாள் வேலைநிறுத்தம், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட சாயப்பட்டறைகள் என்று ஒரு வரிசை அந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். வேலை நின்ற நாட்களுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. அதை எடுத்துப் பார்த்தால் அதன் நடுவில் நிற்பவர்கள் முதலாளியும் இல்லை, டெய்லரும் இல்லை. பெற்றவர்களிடம் இல்லாமல் வேறொருவர் கையில் வளரும் பிள்ளைகள். பனியன் தொழிலில் லீவு ஓய்வுக்காக வந்ததில்லை. பிரிந்து கிடக்கும் குடும்பம் ஒன்று கூடுவதற்கான ஒரே இடைவெளியாகவே அது வந்தது. ஆகவே, ஒரு குடும்பம் தன் வளர்ப்புப் பிள்ளையோடு நான்கு நாள் எங்காவது போய்வரத் திட்டமிடுவதை ஆடம்பரச் செலவில் சேர்க்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கான சோறு, துணி, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதையும் எழுத வேண்டும். இந்த ஊரின் கடந்த காலமே அதற்குச் சான்று.

பனியன் வருவதற்கு முன் கொங்கு மண்ணில் விடுமுறை என்று தனியாக ஒன்று இல்லை, நோம்பி இருந்தது. மாரியம்மன் நோம்பி, ஆடிப் பதினெட்டு, தை நோம்பி என்று வெள்ளாமைக்கு நடுவே வந்த அந்த நாட்களில் சாமி கும்பிடுவது எவ்வளவு முக்கியமோ, வீட்டை விட்டு வெளியே போவதும் அவ்வளவு முக்கியம். பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பியன்று பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்கோ குன்றடிக்கோ போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, பொழுது சாயத் திரும்புவார்கள். ஆடிப்பெருக்கென்றால் அமராவதிக் கரை, கொடுமுடி, பவானி கூடுதுறை. சித்திரையில் அவிநாசித் தேர், தைப்பூசத்தில் சிவன்மலைத் தேர். தாயில்லாப் பிள்ளையை அம்மிச்சியும் அப்பிச்சியும் வளர்த்தார்கள். தகப்பனில்லாப் பிள்ளையை மாமனோ பெரியப்பனோ எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எழுத்துப் பத்திரம் ஏதும் கிடையாது. நோம்பிக்குப் புறப்படும் வண்டியில் அந்தப் பிள்ளையும் ஏறியதா என்பதுதான், அந்த வீடு அதைத் தன் பிள்ளையாக வைத்திருக்கிறதா இல்லையா என்பதை ஊருக்குக் காட்டியது. இதைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. உறவுக்குள் வளர்ந்த பிள்ளைகளில் பலர் சம்பளமில்லாத வேலையாட்களாகத்தான் இருந்தார்கள். அந்த உறவின் எல்லை சாதியின் எல்லையும்கூட. ஆண்டுக் கூலிக்குப் பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்கள் அடுத்தவர் பட்டியில் ஆட்டோடு ஆடாகப் படுத்துறங்கினார்கள். சொந்த வீட்டில் தங்கும் நாள் அவர்களுக்கு அரிது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் அந்தச் சிறுவர்களின் உலகம்தான். பிறர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு லீவு என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதை இந்த மண் பனியனுக்கு முன்பே அறிந்திருந்தது.

பனியன் கம்பெனி வந்ததும் நாளின் அளவே மாறிப்போனது. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை ஓடும் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தையும் துணி துவைப்பதும் என்று வாரம் ஒன்று உருவானது. காகிதத்தில் லீவு இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றது. 1958இல் இயற்றப்பட்ட தமிழகத்தின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மிஷின் நின்றால் காசும் நிற்கும். ஆர்டர் இருக்கும் கம்பெனியைத் தேடி மாறிக்கொண்டே இருப்பவர் ஒரே கம்பெனியின் பதிவேட்டில் 240 நாளை எட்டுவது எளிதல்ல. 1984 வேலைநிறுத்தம் பஞ்சப்படிக்காக நடந்தது. அதற்குப் பின் உற்பத்தி சிறு சிறு பட்டறைகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் சிதறிப் பரவியது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரட்டெர்னல் கேப்பிடல்’ என்ற ஆய்வு நூல் திருப்பூரின் இந்த மாற்றத்தை விரிவாகப் பேசுகிறது. பட்டறை சிறுத்தபோது லீவுச் சட்டம் அதன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது, நல்லதுதான். அதே சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று பழைய 10ஐ இரட்டிப்பாக்கியும் இருக்கிறது. பத்துப் பதினைந்து மிஷின் ஓடும் பட்டறைகள் நிறைந்த ஊரில் இதன் விளைவு என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் லீவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, தைக்க வேண்டிய துணியின் ஓரத்தை மடித்து எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலையையும், பிசிர் வெட்டும் வேலையையும் சிறுவர் சிறுமியர் செய்தார்கள். பெரிய லீவு விட்டதும் கிராமத்திலிருந்து சித்தப்பாவோடோ பக்கத்து வீட்டு அக்காவோடோ இரண்டு மாதம் கைமடிக்கப் போவது வழக்கமானது. வாரச் சம்பளம் கைக்கு வந்த பிறகு ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாமல் போனவர்களும் உண்டு. அம்மிச்சி வீட்டுக்குப் போய் மாங்காய் தின்று, கிணற்றில் நீச்சல் பழக வேண்டிய ஏப்ரலும் மேயும் தொழிலுக்கு ஆள் பிடிக்கும் பருவமாயின. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம், அதன்பின் சிறப்புப் பள்ளிகள், வெளிநாட்டு பையர்களின் தணிக்கை எல்லாம் சேர்ந்து அந்தக் காட்சியைப் பெருமளவு மாற்றின. அதில் தொழிற்சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உள்ள பங்கை மறக்கக் கூடாது. கைமடிக்கு நின்ற பிள்ளைகள் யார் வீட்டில் தங்கினார்கள்? பெரும்பாலும் பெற்றவர்களோடு இல்லை. யாரோ ஓர் உறவினரின் ஒற்றை அறை வாடகை வீட்டில், அவர்கள் பொறுப்பில். பராமரிப்பு என்ற பெயர் அதற்கு இருந்தது. உழைப்பு அதற்கு விலையாக இருந்தது.

பிறகு திசை மாறியது. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கணவனும் மனைவியுமாகத் திருப்பூருக்கு வந்தார்கள். பிள்ளையை ஊரில் பாட்டியிடமும் அத்தையிடமும் விட்டார்கள். இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விதான் இந்த வட்டாரத்தின் குழந்தை வளர்ப்பைத் தீர்மானித்தது. தீபாவளி வந்தால் போனஸ் பேச்சுவார்த்தை தொடங்கும். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 8.33 சதவீதத்தைக் குறைந்தபட்சமாக வைத்தது; அதற்கு மேல் எவ்வளவு என்று இழுபறி நடக்கும். போனஸ் பட்டுவாடா ஆன அன்றிரவு கோவில்வழிப் பேருந்து நிலையத்தில் தென்மாவட்ட பஸ்களுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த லீவின் பொருள் விளங்கும். கையில் பட்டாசுப் பை, தீபாவளிச் சீட்டில் வந்த இனிப்புப் பெட்டி, அளவு தெரியாமல் வாங்கிய பாவாடை சட்டை. போன பொங்கலில் பார்த்த பிள்ளை இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கடைக்காரரிடம் கையை உயர்த்திக் காட்டித்தான் அந்தச் சட்டை வாங்கப்படுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்தத் தூரம் பல மடங்கு. ரயிலிலேயே போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போய்விடும் என்பதால் அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வாய்த்தாலே பெரிது.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஊர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கும் ஆலைகள் ஆண்டில் ஒரு வாரம் ஒட்டுமொத்தமாக மூடின. ‘வேக்ஸ் வீக்’ என்ற அந்த வாரத்துக்காகத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். நம் தீபாவளிச் சீட்டு மாதிரியேதான். 1938இல் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம் வரும் வரை அந்த வாரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. ஆனாலும் ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து புறப்பட்டார்கள். திருப்பூரில் ஆலை மூடும்போது குடும்பம் சேர்ந்து எங்கும் புறப்படுவதில்லை, சேர்வதற்காகப் புறப்படுகிறது. பஞ்சாலைகளில் இது இன்னும் கூர்மையானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைக்கப்பட்ட பதின்வயதுப் பெண்கள், தீபாவளி பொங்கல் போன்ற நாட்களை எண்ணிக் காத்திருந்தார்கள். மூன்றாண்டு முடியும் முன் வெளியேறினால் சேர்த்துத் தருவதாகச் சொன்ன தொகை கைக்கு வராது என்பதால் ஊருக்குப் போன பெண் திரும்பி வந்தாக வேண்டும். அந்தப் பெண்களை வளர்த்தது விடுதி வார்டன். அவர்களுடைய லீவைத் தீர்மானித்தது ஆலை. 2011 முதல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வறிக்கைகள் இதைக் கட்டாய உழைப்பு என்ற கோணத்தில் எழுதின, சரியாகவே எழுதின. அது ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளின் வளர்ப்பைப் பெற்றோரிடமிருந்து ஆலைக்கு மாற்றிய ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் சட்டம் வந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பெற்றோர் அல்லாத குடும்பத்தில் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாம் என்கிறது. குழு மாதந்தோறும் அந்த வீட்டைப் பார்வையிட வேண்டும். தடையில்லாத நேர்வில் பெற்ற தாய் தந்தையர் வந்து பார்க்கலாம். 2022இல் வந்த மிஷன் வாத்சல்யாத் திட்டத்தில் இதற்கான உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய். 2024இன் புதிய வழிகாட்டு நெறிமுறைகள், தனியாக வாழும் 35 முதல் 60 வயது வரையிலானவர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்று கதவை அகலத் திறந்தன. தமிழ்நாட்டு அரசும் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021இல் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்பவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தந்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இத்தனையிலும் லீவு எங்கே இருக்கிறது? வளர்ப்புக் குடும்பத்தின் கடமைகளில், முகவரி மாற்றத்தையும் குழந்தை ஓடிப்போனதையும் குழுவுக்குத் தெரிவிக்கச் சொல்லும் அதே இடத்தில், விடுமுறைத் திட்டத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று வருகிறது. காப்பகத்தில் இருக்கும் குழந்தைக்கோ 98ஆம் பிரிவு. தேர்வு, உறவினர் திருமணம், சாவு, பெற்றோரின் கடும் நோய் போன்ற காரணங்களுக்காகப் பொதுவாக ஏழு நாளுக்கு மிகாமல் விடுப்பு. கவனித்துப் பாருங்கள், விடுமுறை இந்தச் சட்டத்தின் கண்ணில் கண்காணிக்க வேண்டிய ஆபத்தாக இருக்கிறது. குழந்தைக்குத் தர வேண்டிய ஒன்றாக அது எங்கும் எழுதப்படவில்லை.

இப்படிச் சொன்னால் உடனே வரும் மறுப்பு காசு பற்றியது. மாதம் நான்காயிரத்தில் பால், நோட்டுப் புத்தகம், மருந்து வாங்கவே சரியாக இருக்கும், இதில் சுற்றுலாவா என்பார்கள். ஊட்டியில் லாட்ஜ் போடுவதுதான் விடுமுறை என்றால் அந்தக் கேள்வி நியாயம். பூப்பறிக்கிற நோம்பிக்கு லாட்ஜ் தேவைப்படவில்லை. திருமூர்த்தி மலையும் பஞ்சலிங்க அருவியும் உடுமலையிலிருந்து அரைமணி நேரத் தொலைவு. அமராவதி அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் நகர எல்லையிலேயே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய்வரலாம். உண்மையான தட்டுப்பாடு நாள்தான். சொந்தப் பிள்ளைக்காகக்கூட இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எடுக்க முடியாத டெய்லர், வளர்ப்புப் பிள்ளைக்காக எப்படி எடுப்பார்? சாயப்பட்டறை மூடலிலும் 2020 ஊரடங்கிலும் கூலியில்லாமல் கிடந்த வாரங்களை யாரும் லீவு என்று சொல்லமாட்டார்கள். ஆகவே இது வளர்ப்புக் குடும்பத்தின் பர்ஸை மட்டும் பொறுத்த விஷயமில்லை. கம்பெனியின் லீவுப் பதிவேட்டையும் பொறுத்தது.

இன்னொரு மறுப்பு பாதுகாப்பு பற்றியது. கைமடிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்ததும் லீவு என்ற பெயரில்தானே? வெளியூர் கூட்டிப்போகிறேன் என்பவரை எப்படி நம்புவது? இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தே ஆக வேண்டும், அதைத் தளர்த்தச் சொல்வது தவறு. ஆனால் தெரிவிப்பது எளிதாக இருந்தால்தான் தெரிவிப்பார்கள். மாதந்தோறும் வீட்டைப் பார்க்க வருபவர்கள், “வர்ற தீபாவளிக்கு எங்கீங்க போறீங்க?” என்று தாமே கேட்டு, போகும் ஊர், தங்கும் வீடு, திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அரைநாள் கூலியை இழந்து ஆட்சியர் அலுவலக வாசலில் ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. அச்சத்தால் கெடுபிடி கூட்டினால் நேர்மையான குடும்பம் வீட்டிலேயே தங்கிவிடும். ஏமாற்ற நினைப்பவன் கேட்காமலே போய்விடுவான்.

மிகக் கனமான மறுப்பு மூன்றாவது. சில நாள் மகிழ்ச்சியைக் காட்டிவிட்டுப் பிள்ளையைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புவது அதன் மனத்தை உடைக்காதா? அமெரிக்காவில் 1877இல் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற பாதிரியார் நியூயார்க் நகரத்து ஏழைக் குழந்தைகளைக் கோடையில் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட் என்று இன்றும் தொடரும் அந்த ஏற்பாட்டின் மீதும் இந்தக் கேள்வி வைக்கப்படும். நமக்குப் பக்கத்தில், பாலக்காட்டைத் தாண்டினால், கேரள அரசு காப்பகக் குழந்தைகளைக் கோடை விடுமுறையில் குடும்பங்களோடு தங்கவைக்கும் விடுமுறைக்கால வளர்ப்புப் பராமரிப்பை நடத்துகிறது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரு முறை கூட்டிப்போய் மறந்துவிடும் குடும்பம் கூட்டிப்போகாமலே இருப்பது மேல். ஆனால் வலிக்குக் காரணம் லீவு முடிவதல்ல, உறவு முடிவது. கோவில்வழியில் பஸ் ஏறும் தகப்பன் பத்து நாளில் திரும்பிவிடுவார் என்பது ஊரில் பாட்டியோடு இருக்கும் மகளுக்குத் தெரியும். அடுத்த பொங்கலுக்கும் வருவார் என்பதும் தெரியும். ஆண்டாண்டாக அந்தப் பிள்ளைகளைத் தாங்கி நிறுத்தியது அந்த நிச்சயம்தான். வளர்ப்புப் பிள்ளைக்கும் காப்பகப் பிள்ளைக்கும் அதே நிச்சயத்தைத் தர முடியும்: அதே குடும்பம், அதே நோம்பி, ஒவ்வோர் ஆண்டும்.

திட்டமிடும் குடும்பத்துக்கு இந்த வரலாறு சொல்லிக்கொடுப்பவை சில உண்டு. பிள்ளையின் சொந்த ஊர் எது, உடன்பிறந்தவர்கள் எங்கே வளர்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். குழு அனுமதித்தால் பயணத்தில் ஒரு நாள் அங்கே போவது எந்த அருவியை விடவும் பெரிது. அந்தப் பிள்ளை அதை விரும்பாமலும் போகலாம், அப்போது வற்புறுத்தக் கூடாது. லீவு நாட்களில்தான் பெற்றவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றால் அந்த நாளை விட்டுவைத்துப் பயணத்தை வகுக்க வேண்டும். போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏற்கனவே ஒரு முறை வீடு மாறிய பிள்ளைக்குப் பையை எடுத்து அடுக்குவதே கலக்கம் தரும், துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டாமல் பாதியை அலமாரியிலேயே விட்டுப்போவது அதன் மனசை ஆற்றும். தங்குமிடத்தில் ஆதாரைப் பார்த்துத் தகப்பன் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்பார்கள். பிள்ளை முன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல் குழுவின் ஆணை நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டலாம். முகநூலில் போடக் கூடாது. பாதுகாப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடுக்கிறது. சொந்தப் பிள்ளைக்கு எந்தக் கடையில் என்ன விலையில் சட்டை எடுத்தார்களோ அதே கடையில் அதே விலையில் இதற்கும் எடுக்க வேண்டும் என்பதைக் கொங்கு நாட்டு அம்மிச்சிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றவை குடும்பத்தின் கையில் இல்லை. தீபாவளி லீவு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்பதைக் கம்பெனிகள் கடைசி வாரத்தில் சொல்வதை விட்டு, இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்படி பிள்ளை வளர்க்கும் தொழிலாளிக்கு ஆண்டில் நான்கு நாள் சம்பளத்தோடு லீவு தருவதாகத் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தொழிற்சங்கங்களும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஒரு வரி சேர்க்கலாம். அப்படிப்பட்ட தொழிலாளிகள் எண்ணிக்கையில் குறைவு, கம்பெனிக்கு ஆகும் செலவும் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆடி பிறந்ததும் ஒவ்வொரு வளர்ப்புக் குடும்பத்திடமும் அந்த ஆண்டின் பயணத்தைக் கேட்டு வாங்கி, புரட்டாசிக்குள் ஒப்புதலை முடித்துவிட வேண்டும்.